துளியின் ஓரம்

பிப்ரவரி 5

கை இன்னும் நாறுகிறது. சோப்புக் கரைந்ததுதான் மிச்சம்.

இது சிமெண்ட் கடைக்காரர் அம்மாவுக்குக் கொடுத்த போன வருஷத்து டைரி. அச்சடித்த கிழமை எதுவும் பொருந்தாது. பரவாயில்லை. எனக்கும் எந்தக் கிழமையும் பொருந்தாமல்தான் ஒரு வருஷமாக வீட்டில் இருந்தேன்.

இன்று வேலைக்குச் சேர்ந்தேன். பேச்சி சித்தி பெருக்குகிற அதே கல்லூரி. அங்கே இயற்பியல் ஆய்வகத்தில் கண்ணாடிச் சாமான் கழுவிக்கொண்டிருந்த அக்கா பிரசவத்துக்குப் போய்விட்டாள். அந்த இடத்துக்குச் சித்தி என்னைக் கொண்டுபோய் நிறுத்தினாள். ஆய்வகத்துக்குப் பெரியவர் தாணு சார். முறுக்குத் தின்றுகொண்டே என்னைப் பார்த்தார்.

"எதுவரைக்கும் படிச்சிருக்கா?"

"பத்தாம் வகுப்புல பாதியில நின்னுட்டா சார். பேர் இசக்கியம்மா. வாயத் தெறக்க மாட்டா. ஆனா வேலை சுத்தமா இருக்கும்."

"வாயைத் திறக்காத ஆள்தான் எனக்கு வேணும்" என்று சிரித்தார். பல்லிடுக்கில் முறுக்கு மாவு ஈரமாக ஒட்டியிருந்தது. நான் சுவரைப் பார்த்தேன்.

வெளி அறையில் ஒரு தொட்டி இருக்கிறது. சாப்பிட்டு முடித்து சார் அதில்தான் கொப்பளிக்கிறார். தொண்டையைக் காறிக் கொப்பளிக்கிறார். சோற்றுப் பருக்கையும் கறிவேப்பிலையும் சல்லடையில் தங்கி நிற்கின்றன. அதே தொட்டியில்தான் நான் கண்ணாடிகளைக் கழுவ வேண்டும். அந்தச் சல்லடையை இரண்டு விரலால் தூக்கிக் குப்பையில் தட்டினேன்.

உள்ளறை இருட்டு. அங்கே ஜெபரூபி அக்கா இருக்கிறார். நாசரேத்துப் பக்கம். தாணு சாரிடம் ஐந்து வருஷமாக டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறார். எனக்குத் தலைத்தொப்பியும் கையுறையும் கொடுத்தார். "தூசிதான்ட்டி நமக்கு எதிரி. மத்தவங்க எல்லாம் அப்புறம்" என்றார். ஒரு குப்பியை ஆட்டிக் காட்டினார். உள்ளே சிவப்பாக ஏதோ இருந்தது.

"என்னன்னு சொல்லு பாப்போம்."

நன்னாரி சர்பத் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

"தங்கம்ட்டி. கண்ணுக்கே தெரியாத அளவுக்குப் பொடியாக்கிட்டா தங்கம் செவந்துரும்."

அழகாகத்தான் இருந்தது. மறு நிமிஷம் அது கறி கழுவிய தண்ணீர் போலத் தெரிந்தது. அதன் பிறகு எவ்வளவு முயன்றும் தங்கமாகப் பார்க்க முடியவில்லை.

பிப்ரவரி 7

இன்று அக்கா என்ன செய்கிறார் என்று பார்த்தேன். ஒரு கண்ணாடித் தகட்டில் நான் அந்தச் சிவப்புத் தண்ணீரை ஒரு துளி வைக்க வேண்டும். கை நடுங்கக் கூடாது. எனக்கு நடுங்கவில்லை. ஆம்பிளை ஆள் இல்லாத இடத்தில் என் கை நடுங்குவதில்லை. தகட்டை மைக்ராஸ்கோப்புக்கு அடியில் தள்ளினால் பக்கத்து டிவியில் எல்லாம் பெரிதாகத் தெரிகிறது.

கறுப்புத் திரையில் வெளிச்சப் புள்ளிகள் நெளிகின்றன. எங்கள் வீட்டுச் சிமெண்ட் தொட்டியில் கொசுப்புழு நெளிவதைப் போலவே. நான் பின்வாங்கினேன்.

"உயிர் கெடையாதுட்டி. சுத்தியிருக்க தண்ணி இடிச்சு இடிச்சு ஆடுது" என்று அக்கா சிரித்தார்.

திரையின் இடது ஓரத்தில் ஊசி போல ஒன்று நீட்டிக்கொண்டிருக்கிறது. அது கண்ணாடி இழையின் நுனி. அதிலிருந்துதான் லேசர் வெளிச்சம் வருகிறது. வலது ஓரத்தில் ஒரு வளைந்த கோடு. அது துளியின் ஓரம். நடுவில் புள்ளிகள்.

அக்கா வெளிச்சத்தைத் திறந்தார். ஒரு புள்ளி, யாரோ தோளில் கை வைத்துத் தள்ளியதுபோல, இழையை விட்டு வலப்பக்கம் விலகிப் போயிற்று.

"வெளிச்சம் தள்ளும். ஒரு டார்ச் அடிச்சா உன்னையும்தான் தள்ளுது. நீ பெரிய ஆளு, ஒனக்குத் தெரியல. இது நுணுங்கித் துகள், ஓடுது."

"அப்ப வேலை முடிஞ்சிட்டா?" இதுதான் அவரிடம் நான் பேசிய முதல் வார்த்தை.

"எங்க முடிஞ்சுது? தள்ளுறது எல்லாருக்கும் தெரியும். நமக்கு இழுக்கணும். வெளிச்சம் வார பக்கமே துகள் வரணும்."

அது எப்படி முடியும் என்று கேட்கவில்லை. என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

"படகுல நின்னுக்கிட்டு ஒரு கல்ல முன்னால ஓங்கி எறி. படகு பின்னால நகரும்லா? அதே மாதிரி, இந்தத் துகள் தன் மேல விழுற வெளிச்சத்த முன்பக்கமா நல்லா எறிஞ்சுதுன்னா, அது பின்னால வரும். எறிய வைக்கணும். அதுக்கு வெளிச்சத்த எந்த ரூபத்துல, எந்தக் கோணத்துல விடணும்ங்கிறதுதான் என் அஞ்சு வருஷம். வெளிநாட்டுல வேற வேற வழியில செஞ்சு பாத்திருக்காவ. இந்த இழைய வச்சு நம்ம வழியில யாரும் செய்யல."

"வந்திருக்கா அக்கா?"

"கணக்குல வருது" என்றார். "தண்ணியில வர மாட்டேங்குது."

பிப்ரவரி 11, ஞாயிறு

அம்மா பீடி சுற்றுகிறாள். புகையிலைத் தூள் சோற்றில், தலையணையில், என் தலைமுடியில். ஆய்வகத்தில் ஒரு தூசிக்கு அவ்வளவு பாடு. இங்கே தூசியைத்தான் தின்கிறோம்.

சித்தி மகள் மாரிக்கனியைக் கூட்டிக்கொண்டு வந்தாள். எட்டாம் வகுப்பு. கணக்கில் மார்க் குறைகிறதாம். அடுத்த மாதம் டியூசனில் சேர்க்கப் போகிறாளாம். தெப்பக்குளத் தெருவில், எங்கள் பள்ளிக்கூடத்துக் கணக்கு சார் வீட்டில்.

"அங்க வேண்டாம் சித்தி" என்றேன்.

"ஏன்?"

"வெயிலு."

"சாயங்காலம் ஆறு மணிக்கு ஏதுட்டி வெயிலு?" சித்தி சிரித்தாள். மாரிக்கனியும் சிரித்தாள். "இவளும் அவருகிட்டதான படிச்சா. நல்லா சொல்லிக் குடுப்பாருன்னு இவதான் அப்பம் சொன்னா."

அம்மா தலையைத் தூக்கவில்லை. இலையை நறுக்கிக்கொண்டே இருந்தாள்.

ராத்திரி கருவாட்டுக் குழம்பு. எனக்குப் பிடிக்கும். இன்று தட்டில் கண் திறந்தபடி கிடந்தது. எடுத்து வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 12

கழுவினேன். துடைத்தேன். வந்தேன்.

பிப்ரவரி 20

இன்று வந்துவிட்டது!

அப்படித்தான் நினைத்தோம். மதியம் ஒரு புள்ளி இழையை நோக்கிப் பைய நகர்ந்தது. நின்றது. மறுபடியும் நகர்ந்தது. அக்கா கத்திக்கொண்டு பின்னாலிருந்து என்னைக் கட்டிப்பிடித்துவிட்டார். நான் மரக்கட்டை மாதிரி ஆகிவிட்டேன். அக்கா சட்டென்று விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "மன்னிச்சுக்கட்டி" என்றார். ஏன் என்று கேட்கவில்லை. அது எனக்குப் பிடித்தது.

பிறகு அக்கா லேசரை மூடிவிட்டுப் பார்த்தார். புள்ளி அப்போதும் வந்துகொண்டே இருந்தது. வெளிச்சமே இல்லாமல்.

அக்கா நாற்காலியில் சாய்ந்தார். "பொய்ட்டி. மைக்ராஸ்கோப்பு விளக்கு சூட்டுல தண்ணி ஓடுது. அதுல இது மெதக்குது. அவ்வளவுதான்."

யாரும் கேட்பதற்கு முன்னால் தானே பொய் என்று சொன்ன ஒருவரை நான் இன்றுதான் பார்க்கிறேன். அக்காவுக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தேன். தொட்டியைத் தேய்த்துத் தேய்த்து வெள்ளையாக்கினேன். நாளைக்கு சார் துப்புவார். துப்பட்டும்.

பிப்ரவரி 28

அறிவியல் தினமாம். கல்லூரி முழுக்கக் காகிதத் தோரணம். தாணு சார் மேடையில் பேசினார். தங்கத்தை வெளிச்சத்தால் இழுக்கப் போகிறோம், மார்ச் பதினாலாம் தேதி ஆராய்ச்சியைச் சோதிக்கிற கமிட்டி வந்து பார்க்கப் போகிறது என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். அக்கா தட்டவில்லை.

மத்தியானம் சார் ஆய்வகத்துக்கு வந்தார். அக்கா திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். சார் அவர் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றார். நாற்காலி முதுகில் கை வைத்துக் குனிந்து திரையைப் பார்த்தார். வெறும் திரையைத்தான் பார்த்தார். எனக்குத் தெரியும். அவருடைய கை வேறு எங்கும் போகவில்லை.

என் கையிலிருந்த பீக்கர் கீழே விழுந்து உடைந்தது.

"எரும!" என்று சார் கத்தினார். நாற்காலியை விட்டு விலகி வந்தார்.

கை தவறிவிட்டது என்று சொன்னேன்.

மார்ச் 5

நான் தொட்டியில் கழுவிக்கொண்டிருந்தேன். உள்ளே பேசுவது கேட்டது.

"ஜெபா, கமிட்டிக்காரங்க ரயில் ஏறி வர்றது, துகளைத் தள்ளுதுன்னு பார்க்கவா?"

"வரலியே சார். நான் என்ன செய்ய?"

"வரவழை."

"சார்…"

"கணக்குல வருதா இல்லையா?"

"வருது."

"கணக்கு சரின்னா தண்ணியிலயும் வரணும். இன்னைக்கு வராதது நாளைக்கு வரும். நாளைக்கு வரப் போறத இன்னைக்கே காட்டினா அது பொய்யா? உன் கல்யாணத்தை எத்தனை தடவை தள்ளி வச்சாச்சு? உங்க அப்பா எனக்கு போன் போட்டு அழுறாரும்மா."

சார் வெளியே வந்து தொட்டியில் வாய் கொப்பளித்தார். நான் கழுவி வைத்திருந்த குப்பியின் மேல் தெறித்தது. நான் பார்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்தார். துடைக்கவில்லை. போய்விட்டார்.

அந்தக் குப்பியைக் குப்பையில் போட்டேன்.

மார்ச் 7

லட்டு! நெய் லட்டு. சார் துறை முழுவதுக்கும் வாங்கிக் கொடுத்தார்.

துகள் வந்துவிட்டது. நான் இல்லாத நேரத்தில், நேற்றுச் சாயங்காலம் அக்கா மட்டும் இருந்தபோது வந்ததாம். வீடியோவைப் பெரிய திரையில் போட்டார்கள். இடது ஓரத்தில் இழையின் நுனி. வலப்பக்கத்தில் ஒரு புள்ளி. வெளிச்சம் எரிகிறது. புள்ளி ஆடி ஆடி இழையைப் பார்த்து வருகிறது. தாயிடம் போகிற பிள்ளை மாதிரி. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நானும் கை தட்டினேன். வெட்கமாக இருந்தாலும் தட்டினேன்.

திரும்பத் திரும்பப் போட்டார்கள். லட்டின் நெய் உள்ளங்கையில் வழிந்தது. எத்தனையாவது தடவையோ பார்க்கும்போது, புள்ளியைப் பார்க்காமல் துளியின் ஓரத்தைப் பார்த்தேன். தினமும் துளி வைப்பவள் நான்தானே. எனக்கு அந்த வளைந்த கோடு பழக்கம். விளக்குச் சூட்டில் தண்ணீர் காயக் காய அது உள்ளே சுருங்கிக்கொண்டே வரும். அதனால்தான் அடிக்கடி புதுத் துளி வைக்கிறோம்.

இந்த வீடியோவில் அது வெளியே போகிறது. துளி வளர்கிறது.

மார்ச் 8

தொட்டியடியில் அக்காவிடம் சொன்னேன். கேட்கத்தான் செய்தேன். வேறு ஒன்றும் நினைக்கவில்லை.

"அக்கா, அந்த வீடியோவுல துளி பெருசாயிட்டே போகுதே. எப்படி?"

கழுவிக்கொண்டிருந்த அக்காவின் கை நின்றது. குழாய் மட்டும் ஓடியது.

"நீ தண்ணி விட்டிருப்பட்டி."

"அன்னைக்கு நான் இல்லியே அக்கா. அஞ்சு மணி பஸ்ஸுக்குப் போயிட்டேன்."

"விட்டிருப்ப. ஒனக்கு ஞாபகம் இருக்காது."

அவர் என்னைப் பார்க்கவில்லை. அப்போதுதான் எனக்கு விளங்கியது. வீடியோவைக் கடைசியிலிருந்து முதலுக்கு ஓட்டினால் போகிறவன் வருவான். வற்றுகிற துளி வளரும்.

'உனக்கு ஞாபகம் இருக்காது' என்று இதற்கு முன்னும் பள்ளிக்கூடத்தில் ஒருவர் என்னிடம் சொல்லியிருக்கிறார். அவரும் ஒரு பெண்தான். அதை எழுதப்போவதில்லை.

வீட்டுக்கு வந்து நேற்றுத் தின்ற லட்டை நினைத்தேன். கொல்லைப்புறம் போய் வாந்தி எடுத்துவிட்டேன். ஒரு நாள் கழித்து லட்டு எப்படி வயிற்றில் இருக்கும்? ஆனாலும் நெய் வாடை வந்தது.

மார்ச் 9

அக்கா சாரிடம் சொல்லிவிட்டார் போல. தாணு சார் என்னை அறைக்குக் கூப்பிட்டு நாற்காலியில் உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை.

"பாப்பா, உனக்குக் கூர்மையான கண்ணு. நல்ல வேளை, முன்கூட்டியே சொன்ன. கமிட்டியில யாராவது கேட்டா என்ன சொல்றதுன்னு யோசிச்சேன். ரொம்ப சிம்பிள். துளி காஞ்சு போயிடக் கூடாதுன்னு, படம் எடுக்கும்போதே நீ ஓரத்துல ஊசியால தண்ணி விட்டுக்கிட்டே இருந்த. அதான் வளருது. என்ன?"

நான் தரையைப் பார்த்தேன். அவர் செருப்பின் கட்டைவிரல் பகுதி கறுத்து எண்ணெயாக இருந்தது.

"நீ பேசவே வேண்டாம். நான் சொல்லுவேன். நீ தலையாட்டினா போதும். உன் சித்தி சொன்னா, நீ பத்தாவது பாதியில விட்டுட்டியாம். பிரைவேட்டா எழுது. கல்லூரியில ஏற்பாடு பண்றேன். வேலையும் நிரந்தரம். என்ன?"

ஒவ்வொரு 'என்ன'வும் ஈரமாக வந்து என் மேல் ஒட்டியது.

நான்தான் சொன்னேன். துளி வளருகிறது என்று நான் கேட்காமல் இருந்திருந்தால் அவர்களுக்கு இந்த ஓட்டை தெரிந்திருக்காது. ஓட்டையை நான் காட்டினேன். அதை அடைக்க என்னையே எடுத்துக்கொண்டார்கள்.

மார்ச் 10, ஞாயிறு

வேலை நிரந்தரமாகலாம் என்று அம்மாவிடம் சொன்னேன். பரீட்சை எழுதலாம் என்றும் சொன்னேன். எதற்குப் பதிலாக என்று சொல்லவில்லை. அம்மா பீடித்தட்டை இறக்கி வைத்துவிட்டு என் கன்னத்தைத் தொட்டாள். புகையிலை நெடி. முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பாவமாக இருந்தது. ஆனாலும் திருப்பிக்கொண்டேன்.

சித்தி மாரிக்கனிக்குப் புது ஜாமெட்ரி பாக்ஸ் வாங்கியிருக்கிறாள். வர்ற வெள்ளிக்கிழமை நல்ல நாளாம், அன்றைக்கு டியூசனில் சேர்க்கிறாளாம். மாரிக்கனி காம்பஸை எடுத்து என் டைரி அட்டையில் வட்டம் போட்டாள்.

"அக்கா, அந்த சாரு அடிப்பாரா?"

"இல்ல" என்றேன். உண்மைதான். அடிக்க மாட்டார்.

மார்ச் 12

ஒத்திகை. சார் என் கையில் ஊசி போடும் சிரிஞ்சைக் கொடுத்து மைக்ராஸ்கோப் பக்கத்தில் நிற்க வைத்தார். "இப்படிப் பிடி. குனி. ஓரத்துல விடு. இப்போ கமிட்டி மேடம் கேக்கறாங்க, நீயாம்மா விட்டே? தலையாட்டு."

ஆட்டினேன்.

"இன்னும் கொஞ்சம் தெளிவா."

இன்னும் கொஞ்சம் தெளிவாக ஆட்டினேன்.

"வெரி குட்" என்று சொல்லி முறுக்குப் பொட்டலத்தை நீட்டினார். எண்ணெய்க் கறை ஊறிய காகிதம். அக்கா அந்தப் பக்கம் திரும்பி, கண்ணாடித் தகடு ஒன்றை, ஏற்கெனவே சுத்தமாக இருந்ததை, துடைத்துக்கொண்டே இருந்தார்.

மார்ச் 14

எப்படி எழுதுவது? நடந்தபடி எழுதுகிறேன்.

கமிட்டியில் நான்கு பேர். மூன்று ஆண்கள். ஒரு பெண், பெங்களூரிலிருந்து வந்தவர், நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார். அவரைத்தான் எல்லோரும் மேடம் என்றார்கள். எல்லோருக்கும் முறுக்கும் காப்பியும் வைத்தேன். தலைத்தொப்பி போட்டுக்கொண்டு சுவரோடு நின்றேன்.

நேரில் செய்து காட்ட முடியுமா என்று மேடம் கேட்டார். லேசரின் மின்பெட்டி நேற்றுப் பழுதாகிவிட்டது என்றார் தாணு சார். நேற்று அது நன்றாகத்தான் இருந்தது. வீடியோ ஓடியது. புள்ளி இழையை நோக்கி வந்தது. ஒருவர் "பிரமாதம்" என்றார்.

மேடம் மறுபடி போடச் சொன்னார். திரைக்குக் கிட்டே வந்தார். பேனாவால் வலது ஓரத்தைத் தொட்டார்.

"இந்த டிராப் ஏன் பெரிசாகுது?"

சார் சிரித்தார். இதற்காகவே காத்திருந்ததுபோல. "காயாம இருக்க ஓரத்துல தண்ணி விட்டோம் மேடம். இதோ, நம்ம ஹெல்ப்பர் பொண்ணு. இவதான் விட்டா."

எல்லோரும் திரும்பினார்கள். மேடம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"ரெக்கார்ட் பண்ணும்போதே நீ தண்ணி விட்டியாம்மா?"

"ரொம்பக் கூச்ச சுபாவம் மேடம். தலையாட்டுவா" என்றார் சார்.

அக்கா என்னைப் பார்த்தார். அவர் கண்ணில் கெஞ்சல் இருந்தது. ஐந்து வருஷம் இருந்தது. நான் அவருக்குத் தேநீர் போட்ட நாளும் இருந்தது. ஒரு ஆட்டு ஆட்டினால் அவருக்குப் பட்டம், எனக்குப் பரீட்சை. யாருக்கும் அடி இல்லை. தலையைக் குனிப்பது எனக்குச் சிரமமே இல்லை. தலைமை ஆசிரியை அறையில் அன்றைக்கு அது தானாகத்தான் குனிந்தது. 'நீதானே சார் வீட்டுக்குப் போனே? அவரா உன்னைத் தேடி வந்தார்? நீதானே போனே?' என்று கேட்டார்கள். டியூசனுக்குப் போனது நான்தான். அதனால் ஆட்டினேன். அவர்களுக்கு அது போதுமாக இருந்தது.

வாயில் புளித்த எச்சில் ஊறியது. ஒத்திகையில் ஆட்டிய அதே இடத்தில் கழுத்து வந்து நின்றது. கீழே போனால் அங்கேயே வாந்தி எடுத்துவிடுவேன் என்று தோன்றியது. அதனால் கீழே போகவில்லை.

"விடல" என்றேன்.

"என்னம்மா?"

"நான் தண்ணி விடல."

சத்தமாக வந்துவிட்டது. எனக்கே என் குரல் அடையாளம் தெரியவில்லை.

"பயந்துட்டா மேடம்" என்றார் சார். "எரும, அன்னைக்கு நீதானே—"

"அன்னைக்கு அஞ்சு மணி பஸ்ஸுக்குப் போயிட்டேன். தண்ணி விடல."

மேடம் என்னிடம் வேறு எதுவும் கேட்கவில்லை. கம்ப்யூட்டருக்கு முன்னால் இருந்த பையனிடம், வீடியோவைக் கடைசியிலிருந்து முதலுக்கு ஓட்டச் சொன்னார். ஓடியது. துளி அழகாக வற்றியது. புள்ளி இழையை விட்டு விலகிப் போயிற்று, யாரோ தோளில் கை வைத்துத் தள்ளியதுபோல. அறையில் ஒருவர் வாயில் முறுக்கு நொறுங்குகிற சத்தம் பாதியில் நின்றது.

தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். அக்காவைப் பார்க்கவில்லை.

சாயங்காலம் சித்தி வந்தாள். வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள்.

"ஏட்டி, ஒன்னயக் கொண்டுபோய் விட்டதுக்கு என் வேலைக்கும் உலை வச்சிட்டியே! ஊமையா இருந்தவளுக்கு இன்னைக்கு என்னட்டி வாயி? அவிய படிச்சவிய, என்னமும் செஞ்சிட்டுப் போறாவ. தலைய ஆட்டுனா ஒனக்குக் கழுத்தா சுளுக்கிரும்?"

பின்னால் மாரிக்கனி நின்றாள். கையில் அந்த ஜாமெட்ரி பாக்ஸ். நாளைக்கு வெள்ளிக்கிழமை.

"சித்தி, மாரிக்கனிய நாளைக்கு அங்க அனுப்பாத."

"பேச்ச மாத்தாத."

"மாத்தல. அனுப்பாத."

"ஏன்? வெயிலா?"

மாரிக்கனியைக் கடைக்குப் போய்ச் சீயக்காய் வாங்கிவரச் சொன்னேன். அவள் தெரு திரும்பும் வரை காத்திருந்தேன். பிறகு சித்தியிடம் சொன்னேன். அதை இங்கே எழுதவில்லை. சொல்லியாகிவிட்டது.

சித்தி அப்படியே தரையில் உட்கார்ந்தாள். உள்ளே பீடித்தட்டோடு இருந்த அம்மாவைப் பார்த்தாள். அம்மாவின் கை இலையை உருட்டிக்கொண்டே இருந்தது. அதில் புகையிலையே இல்லை. வெறும் இலை.

"அக்கா. ஒனக்குத் தெரியுமா?"

அம்மா அடுத்த இலையை எடுத்தாள்.

"என் பிள்ளைய அங்க அனுப்பப் போறேன்னு ஒன் முன்னாலதான சொன்னேன். தெரியுமா?"

"தெரியும்" என்றாள் அம்மா.

எனக்கும் அந்த நிமிஷம்தான் தெரியும், அம்மாவுக்குத் தெரியும் என்று.

சித்தியின் முகத்தில் ஒன்று வந்தது. அழுகிய எதையோ மிதித்துவிட்டவள் முகம். இத்தனை நாளாக நான் எல்லாவற்றையும் அந்த முகத்தோடுதான் பார்த்துக்கொண்டிருந்தேன் போல. இன்று அதை வெளியிலிருந்து பார்த்தேன்.

மார்ச் 16

ஜெபரூபி அக்கா வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார். உள்ளே வரவில்லை. வேப்பமரத்தடியில் நின்றார்.

"ஆறு மாசம் குடுத்திருக்காவ. நேர்ல காட்டணுமாம். சாரு என்ன சொல்லுதாரு தெரியுமா? வீடியோவத் திருப்பிப் போட்டது நாந்தானாம். அவருக்கு ஒண்ணுமே தெரியாதாம்."

"நீங்கதானா அக்கா?"

"கை என்னோடதுதான்ட்டி."

ஒரு பேருந்து புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயிற்று. அக்கா கையால் முகத்தைத் துடைத்தார்.

"ஒன் மேல எனக்குக் கோவம்தான்" என்றார். "பொய் சொல்ல மாட்டேன். ராத்திரி பூரா ஒன்னயத் திட்டுனேன். ஆனா நான் செஞ்சது அதுக்கும் மேல. நீதான் தண்ணி விட்டன்னு மொதல்ல சொன்னது நான். சாரு இல்ல."

"ஆமா" என்றேன். பரவாயில்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"அது இழுக்கவே இல்லட்டி. ஒரு தடவகூட. தள்ளுது, எவ்வளவு தள்ளுதுன்னு எழுதப் போறேன். பட்டம் குடுத்தா குடுக்கட்டும்."

போகும்போது என் தோளில் கை வைக்க வந்தார். வழியிலேயே நினைவு வந்து, கையை இறக்கிக்கொண்டார்.

மார்ச் 17, ஞாயிறு

சித்தி காலையிலேயே வந்துவிட்டாள். வேலை செய்கிற நீலச் சேலையில், கொண்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டு. தெப்பக்குளத் தெருவுக்குப் போகிறோம். அங்கே அவர் வீட்டு வாசலில், ஞாயிறு காலை டியூசனுக்குப் பிள்ளைகளைக் கொண்டு விட வருகிற தாய்மார் முன்னால் பேச வேண்டும், அப்புறம் காவல் நிலையம் என்கிறாள் சித்தி. "நீ ஒரு தடவ சொன்னாப் போதும். மிச்சத்த நான் சொல்லுதேன்."

அம்மா முதலில் வரவில்லை என்றாள். இரண்டு நாளாக அவளோடு நான் பேசவில்லை, அவள் வைத்த சோற்றைத் தின்னவும் இல்லை. கொஞ்ச நேரத்தில் அவள் கட்டிலுக்கு அடியில் குனிந்து செருப்பைத் தேடுவது தெரிந்தது. ஒரு செருப்பு கிடைத்தது. இன்னொன்று கிடைக்கவில்லை. வெறுங்காலோடு வாசலில் வந்து நின்றாள்.

கிளம்பும் முன்னால், பழக்கம், தொட்டிக்குப் போனேன். சோப்பை எடுத்தேன்.

"எங்கட்டி போற?" என்றாள் சித்தி.

"கை கழுவிட்டு வாரேன்."

சித்தி என் கையிலிருந்த சோப்பை வாங்கி அதன் இடத்தில் வைத்தாள்.

"வந்து கழுவிக்கலாம். வா."